நஸ்ருன்னிசா வீட்டுக் குங்குமப்பூ

மயிலாப்பூர் கச்சேரி சாலைக்குப் பின்சந்தில், நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழ்வீடு நஸ்ருன்னிசா அக்காவுடையது. பிளவுஸ் தைப்பவர். அந்த வீட்டின் ஒரே ஏசி அறையில் குங்குமப்பூ வளர்க்கிறார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஊருக்குப் போனால் சென்னையில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள். இவரைப் பற்றித்தான் சொல்வேன்.

மகள் சாய்மாவுக்கு மறு வருஷ ஐப்பசியில் நிக்காஹ் என்று பேசி முடித்த கையோடு காஷ்மீரிலிருந்து குங்குமப்பூக் கிழங்கு வரவழைத்தார். “மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற பால்ல நம்ம வீட்டு ஜாஃப்ரான்தான்” என்று மகளுக்கு வாக்கும் கொடுத்துவிட்டார்.

குளிர்தேசத்துப் பூவாயிற்றே என்று அந்தக் கோடை முழுக்க ஏசியைக் கடுங்குளிரில் வைத்தார். கணவர் ஷரஃபுதீனும் சாய்மாவும் அவரும் கூடத்து ஃபேனுக்கடியில் வெந்தார்கள். ஐப்பசியில் இலை வந்தது. பூ இல்லை.

பக்கத்து வீட்டுச் சமையல்காரர் இனாயத் எட்டிப் பார்த்தார். “இன்னா ஷரஃபு, நீ வேர்த்துக்கினு கீற, வெங்காயத்தாள் குளுகுளுன்னு கீது!”

அக்கா கிழங்கு அனுப்பியவரைப் போனில் உருதுவில் பிடித்துக்கொண்டார். வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “தம்பி, அங்கயும் கோடை உண்டாம்! அந்தச் சூட்டுலதான் உள்ள மொட்டே உருவாவுமாம். நான் குளிரக் காட்டியே கெடுத்துட்டேன்.”

புதுக் கிழங்கு வந்தது. அடுத்த கோடையில் மிதமான ஏசியில் குடும்பமே கிழங்கு அடுக்கிய தட்டுகளுக்கு நடுவே படுத்தது. மழை தொடங்கியதும் இவர்கள் கூடத்துக்கு வர, அறையில் குளிரைக் கூட்டினார்கள்.

நிக்காஹ் நெருங்கியது. மொட்டைக் காணோம்.

“கடைல ஒரு டப்பா வாங்கிடலாம் நஸ்ரு. யாருக்குத் தெரியப்போவுது?” என்றார் ஷரஃபுதீன்.

“எனக்குத் தெரியும்ல?”

நிக்காஹுக்கு முந்தின வாரம் ஒரு காலை, “அம்மீ! ஊதாக் கலர்!” என்று சாய்மா போட்ட கூச்சல் மாடிவரை கேட்டது. இறங்கி ஓடினேன். ஒவ்வொரு பூவுக்குள்ளும் மூன்று சிவப்பு இழைகள். அக்கா அவற்றை மூச்சுப் படாமல் கிள்ளி வெள்ளைத் தாளில் பரப்பினார்.

நிக்காஹ் வீட்டிலேயே நடந்தது. பாலைக் குடித்த மாப்பிள்ளை, “வாசனை தூக்குதே, காஷ்மீர் சரக்கா?” என்று கேட்டார்.

அக்கா வாய் திறக்குமுன் ஷரஃபுதீன் முந்திக்கொண்டார். “காஷ்மீரா? கச்சேரி ரோடு! எங்க பெட்ரூம்ல வெளைஞ்சது. வீட்டுக்காரம்மா போட்டது.”

“காட்டுங்க” என்று சம்பந்தியம்மா எழுந்துவிட்டார். பிரியாணி தம் திறந்தாயிற்று என்று இனாயத் கத்திக் கத்திப் பார்த்தார். பந்திக்கு ஆள் வரவில்லை. பட்டும் அத்தருமாக அத்தனை பேரும் அந்த அறை வாசலில் வரிசையில் நின்றார்கள்.