ஒரே ஒரு முறை பறந்தவர்

சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு ஒரே ஒரு முறை ஆகாய விமானத்தில் வந்தவர், தோட்டத்துக் கணக்கெழுதும் அந்தக் கிராணியார். அன்றிலிருந்து கப்பல் பயணிகளென்றால் அவருக்கு இளக்காரம். நாகப்பட்டினம் கப்பலுக்குப் பினாங்குத் துறைமுகக் கொட்டகையில் எங்களோடு காத்திருந்தபோதும், கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டி, எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் பறக்க வேண்டுமென்று அளந்துகொண்டிருந்தார்.

தகப்பனார் சாகக் கிடப்பதாகத் தந்தி வந்து புறப்பட்ட சுங்கை பாக்காப் தோட்டத்துப் பெண் ஒருத்தி அவரிடம் கேட்டாள்:

"ஐயா, கப்பல் போய்ச் சேர்றவரைக்கும் அப்பா இருப்பாரா?"

"கப்பலுக்கு ஒரு வாரம் ஆகும்லா. பிளேன்னா ரெண்டு நாள்ல கல்கத்தா, அப்புறம் ரயிலு. உயிரோட பாத்திருக்கலாம்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் என் பக்கம் திரும்பி, "கணக்கு சரிதானே தம்பி?" என்றார்.

சரிதான். அவ்வளவு உயரத்தில் பறந்தவர் இவ்வளவு அற்பமாக எப்படி இறங்கினார் என்பதுதான் இன்றும் எனக்குப் புரியவில்லை.