அன்னத்துக்கு ஒரு மூக்குத்தி

டீ டம்ளரின் மேல் தட்டைக் கவிழ்க்கிறாள். ஆறக் கூடாது, குடிக்கவும் கூடாது. கணினியில் ஒரு கட்டளையைத் தட்டி எண்டரை அழுத்திவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு திரையை முறைக்கிறாள். எல்லாம் சரியாக இருந்தால் திரை குறை எதுவும் சொல்லாது. அந்த அமைதி வந்த பிறகுதான் தட்டு விலகும், டீ உள்ளே போகும். பிள்ளையார்பாளையத்தில் முரளீதரனின் டிசைன் ஆபீஸில் ஜோதிகாவுக்குக் காலை விடிவது இப்படித்தான்.

புடவைக் கரைகளின் டிசைன்கள் அங்கே கணினியில் கிடக்கின்றன. யார் போட்டது, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றையும் சேர்த்தே காக்கிற கிடங்கு அது, ரெப்போ என்கிறார்கள். உள்ளே போகிற ஒவ்வொன்றுக்கும், அதில் இருப்பதைக் கணக்கிட்டே ஒரு பெயர் அமையும். வாசித்து முடிப்பதற்குள் வறண்ட வேகவதி ஆற்றில் தண்ணீர் வந்துவிடும், அவ்வளவு நீளம். ஒரு புள்ளி மாறினாலும் பெயர் வேறாகிவிடும். கிடங்கு முழுவதையும் பிரித்து, பெயரும் பொருளும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் அந்தக் கட்டளையின் வேலை. "மூஞ்சியும் பேரும் ஒண்ணா இருக்குதான்னு பாக்கறேன் ஆயா, வேற இன்னா?" என்பாள் அடுத்த வீட்டுக் கிழவியான என்னிடம்.

சந்தேகம் அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. போன் நம்பர் கொடுத்தால் கொடுத்தவர் எதிரிலேயே அடித்துப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் வசனம் சொன்னால், பைபிளில் விரல் வைத்துச் சரிபார்ப்பாள். அந்த விரலைப் பார்த்துப் பார்த்தே போதகர் மூக்குக்கண்ணாடியை மாற்றிவிட்டார் என்று ஊருக்குள் நான்தான் கிளப்பிவிட்டேன். இன்று வரை யாரும் மறுக்கவில்லை. "நான் போட்ட டிசைன்ல ஒரு புள்ளி தப்பு காட்டு, மொட்டை போட்டுக்கறேன்" என்பது அவளுடைய நிரந்தரச் சவால். அடக்கம் அவளிடம் அரை வீசைகூடக் கிடையாது. திறமை இருக்கிறவளுக்கு அது எதற்கு என்றுதான் எனக்கும் தோன்றும்.

சென்ற ஐப்பசியில் தங்கையின் பிரசவத்துக்கு லீவு போட்டுப் போய்த் திரும்பி வந்தாள். வந்ததும் பக்கத்து நாற்காலி தனுஷிடம் முதல் கேள்வி.

"பேக்கப் எடுத்தியா?"

"டெய்லி எடுத்தேன்கா."

"செக் பண்ணியா?"

"எடுத்ததையே எதுக்குக்கா திரும்பப் பாக்கணும்?"

அன்று கட்டளைக்குத் திரை பேசியது. அன்னக் கரையின் முதல் வடிவம் கெட்டுப்போயிருந்தது. பழைய கணினியின் டிஸ்க் சாகிற நேரம். தனுஷ் கெட்டதையே விசுவாசமாக நகலெடுத்து, நல்ல நகல்களின் மேலேயே எழுதியிருந்தான். அந்த ஒன்று இல்லாமல் மொத்த வரலாறும் புதுக் கணினிக்குப் போக மறுத்தது.

முரளீதரன் நல்ல மனிதர்தான், அவசரக்காரர். "பழசெல்லாம் எதுக்கும்மா? இன்னிக்கு இருக்கறதை வெச்சுண்டு புதுசா ஆரம்பிச்சுடேன்."

"அப்போ எல்லா டிசைனும் இன்னிக்கு ஆபீஸ் பேர்ல பொறந்ததா ஆயிடும் சார். பொன்னியம்மா பேரு எங்க போவும்?"

கிராஃப் தாளில் பென்சிலால் கரைகளை வரைகிறவர் பொன்னியம்மாள். அதைப் பார்த்துப் புள்ளி புள்ளியாகக் கணினியில் போடுகிறவள் ஜோதிகா. பூர்வீகத்தில் அடுத்தவர் வயலில் நடவு நட்ட குடும்பம். அவர் பெயர் எழுதப்பட்ட இடங்கள் ரேஷன் கார்டும் இந்த ரெப்போவும்தான். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அன்னமும் போச்சாமா? அதான் நான் மொத மொத போட்டது."

அந்த வாரம் முழுக்க டம்ளரின் மேல் தட்டு விலகவே இல்லை என்று கேள்வி.

கிராஃப் தாளைக் கரையான் எப்போதோ தின்று தீர்த்திருந்தது. ஆனால் அந்த முதல் வடிவத்தை வைத்துக் குத்திய, தறிக்கு டிசைனைச் சொல்லும் ஜக்கார்டு அட்டைகள், இரண்டு தெரு தள்ளி நெசவாளர் குருவின் தறியில், பட்டுப் பாவாடைக் கரைக்காக இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கோப்பில் இருந்ததும் அதேதான்: ஓட்டைக்கு ஒன்று, ஓட்டை இல்லாத இடத்துக்குப் பூஜ்யம், ஓர் அட்டைக்கு ஒரு வரி. அச்சுப் பிசகாமல் திரும்ப அடித்தால் பழைய பெயரே வரும். கெட்ட இடத்தில் வைத்துவிடலாம். தறிக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து, அட்டை அட்டையாகப் பார்த்து அடித்தாள். அந்தப் பெயர் வரவில்லை, வேறொன்று வந்தது. முதலிலிருந்து மறுபடி அடித்தாள். வந்தது அதே தப்பான பெயர்.

"ரெண்டு தபா அடிச்சும் ஒரே பேரு வருதுன்னா நான் அடிச்சது கரெக்டு. உன் அட்டைதான் பொய் சொல்லுது குரு."

குரு தறியை நிறுத்தாமல் சிரித்தார். "அட்டை பொய் சொல்லலமா. நீ போட்ட அன்னத்துக்கு மூக்கு மேல ஒரு புள்ளி நின்னுக்கினு இருந்துச்சு. ஜரிகை மூக்குத்தி! உன்னாண்ட சொன்னா நீ கத்துவியேன்னு, அந்த ஓட்டையை நானே அட்டை ஒட்டி அடைச்சுட்டேன்."

"நான் தப்பு போட்டேனா?"

"மொட்டை எப்போமா?"

எழுந்துபோய், அவர் காட்டிய அட்டையில் ஒட்டியிருந்த துண்டை நகத்தால் பெயர்த்தாள். ஓட்டை தெரிந்தது. அந்த வரியில் ஒரே ஒரு பூஜ்யத்தை ஒன்றாக்கினாள். சரியான அன்னத்தை ஏற்காத பெயர், தப்பான அன்னத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்திக்கொண்டது. "அய்யோ, வந்துட்சு! என் தப்புதான், வந்துட்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஏகாம்பரநாதர் கோயில் புறாக்கள் ஓரிக்கை வரை பறந்தன. நம்பாதவர்கள் புறாக்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

மத்தியானத்துக்குள் வரலாறு முழுவதும் புதுக் கணினிக்குக் குடிபோனது. முதல் அன்னத்துக்கு எதிரே பொன்னியம்மாள் பெயர் இருந்தது. கட்டளை ஓடி முடிந்தது. திரை வாய் திறக்கவில்லை. அவள் டீயைத் தொடாமல் நேரே குருவின் தறிக்குத் திரும்பினாள். பசையைக் குழைத்து, தான் பெயர்த்த துண்டைப் பழைய ஓட்டையின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, வாயால் ஊதிக் காயவைத்தாள். பிறகு அட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தாள்.