விரலக்கா சொன்ன ‘நான்’

காது கேளாதவர்களுக்குக் கையால் பேசிக் காட்டுவது அவள் தொழில். நீதிமன்றம், மருத்துவமனை, பொதுக்கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் அடர்நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் நிற்பாள். அந்த நிறத்தில்தான் விரல்கள் பளிச்சென்று தெரியும். தெருவில் அவளுக்குப் பெயரே விரலக்கா. வாரம் தவறாமல் வழிபாட்டுக் கூடத்தின் மேடையோரம் நின்று, தன் தங்கைக்கும் இன்னும் பதினோரு பேருக்கும் போதனையைக் கையால் சொல்வாள். அதற்குச் சம்பளம் கிடையாது. அது அவள் பக்தி.

இந்தத் தொழிலில் ஒரு கறாரான சட்டம் உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’ என்றே காட்ட வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று நழுவக்கூடாது. நீதிமன்றத்தில் காது கேளாத ஒருவனுக்காக ‘நான் திருடினேன்’ என்று உரக்கச் சொன்னவள் அவள். அதற்காக யாரும் அவளைப் பிடித்து உள்ளே போடவில்லை.

சிக்கல் நூலகக் கூட்டத்தில் வந்தது. தங்கையும் அந்தப் பதினோரு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் மைக்கைப் பிடித்து, “நான் கடவுளை நம்பவில்லை. பயம்தான் ஜனங்களை வழிபாட்டுக்கு இழுத்து வருகிறது” என்று போட்டு உடைத்தார். விரலக்கா தன் நெஞ்சைத் தொட்டு அதையே காட்டினாள். மனசு என்னவோ செய்தது. விரல் மட்டும் தடுமாறவில்லை.

தேநீர் இடைவேளையில் வழிபாட்டுக் கூடத்தின் தலைவர் வேகமாக வந்தார்.

“என்னம்மா, நெஞ்சைத் தொட்டு நம்பலைன்னு காட்டுறே?”

“அது என் நெஞ்சு இல்ல ஐயா. கூட்டம் முடியிற வரைக்கும் அவரோடது.”

“அந்த மாதிரிப் பேச்சு வந்தா கையை மடக்கிக்கோ. அவங்க வெகுளிங்க, மனசு புண்படும். முடியாதுன்னா நம்ம மேடைப் பக்கம் இனிமே வர வேணாம்.”

விரலக்காவுக்குச் சுருக்கென்றது. ஊரில் இந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது. அவள் போகாவிட்டால் பன்னிரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து எழுந்து வர வேண்டியதுதான்.

“புண்படணுமா வேணாமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும் ஐயா” என்று சொல்லிவிட்டு நூலக மேடைக்குத் திரும்பினாள். ஆசிரியர் சொன்ன ஒன்றையும் விடவில்லை.

கேள்வி நேரத்தில் தங்கை எழுந்தாள். உதடு அசைவதைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடும் கெட்டிக்காரி அவள். இடைவேளையில் நடந்தது அவளுக்கு அத்துப்படி. அவள் கை பேசப் பேச, விரலக்கா வாயால் சொன்னாள்.

“ஆசிரியர் ஐயா, நான் பயந்துக்கிட்டுப் போறதில்ல. வாராவாரம் கடவுள்கிட்ட சண்டை போடத்தான் போறேன். ஏன் எனக்குக் காது தரலைன்னு கேட்காத கேள்வி இல்ல.”

அரங்கம் சிரித்தது. ஆசிரியரே தலையாட்டினார். முதலில் கைதட்டியவர் தலைவர்தான்.

அதற்குள் தங்கையின் விரல்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருந்தன. அதை வாயால் சொன்னால் என்ன ஆகும் என்று விரலக்காவுக்குத் தெரியும். மேடை போனது போனதுதான். போகட்டும் என்று நிமிர்ந்து, தலைவரைப் பார்த்து, ஒரு சொல் விடாமல் சொன்னாள்:

“நான் அத்தனை திட்டியும் கடவுள் ஒரு நாளும் என்னைக் கையை மடக்குன்னு சொன்னதில்ல. நீங்கதான் சொல்றீங்க.”