அக்காவும் ட்ரெமியுலஸ்லியும்

வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டின் ஜன்னலோரம், ஈரத் தலைமுடியைத் துவாயால் சுற்றிக்கொண்டு, அக்கா ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிய காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. சொல், ‘ட்ரெமியுலஸ்லி’. ஆங்கில வகுப்பில் கொடுத்த கதைப் புத்தகத்தில் யாரோ ஒருத்தி அப்படிப் பதில் சொல்கிறாளாம். அத்தான் கலியாணம் முடிந்த கையோடு லண்டனுக்குப் போய்விட்டார்; அவரிடம் போய்ச் சேர அக்கா ஆங்கிலம் பேசும் பரீட்சை ஒன்றில் பாஸாக வேண்டும். முதல் தடவை பரீட்சகரைக் கண்டதும் அவளுக்கு வாயே எழும்பவில்லை. அம்மாவையும் என்னையும் ஆட்டிப் படைக்கிறவள், காலி வீதி மீன்காரரோடு சிங்களத்தில் பேரம் பேசி வெல்கிறவள், ஆங்கிலம் என்றால் மட்டும் குரல் நடுங்கிப் போவாள்.

அன்று போனில் தேடிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். “இஞ்ச வா. நடுங்கி நடுங்கிக் கதைக்கிறதுக்கு இங்கிலிஷில ஒரு சொல்லே இருக்குதடி! லத்தீனில இருந்து வந்ததாம்.” நடுங்குவதைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல் ஒன்றுதான் வேராம். மிகப் பெரியது என்ற பொருளில் நாம் சொல்லும் ‘ட்ரெமெண்டஸ்’ கூட அதே வேரில் முளைத்ததாம். பார்ப்பவரை நடுங்க வைப்பது என்பதுதான் அதன் முதல் பொருளாம். அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“அப்ப இது எனக்கு மட்டும் வந்த வருத்தம் இல்ல. சொல்லு வைக்கிற அளவுக்குச் சனம் நடுங்கியிருக்குது.”

“முதல்ல பாஸாகிற வழியைப் பாருங்கோ” என்று நக்கலடித்தேன்.

அடுத்த பரீட்சையில், விரும்பிய விஷயம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். அக்கா அந்தச் சொல்லைப் பற்றியே பேசியிருக்கிறாள், குரல் நடுங்க நடுங்க. “நான் இப்போது பேசுவதும் அப்படித்தான்” என்று ஆங்கிலத்தில் சொன்னதும் பரீட்சகர் சிரித்துவிட்டாராம். இவளும் சிரிக்க, நடுக்கம் பாதியில் போய்விட்டதாம். பாஸான செய்தி வந்த அன்று என்னைத் தூக்காத குறையாகக் கட்டிப்பிடித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனி வீடு வெறிச்சோடிவிடுமே என்ற கவலையும் கூடவே வந்தது.

இப்போது அக்கா லண்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். வீடியோ கோல் எடுத்தால் பக்கத்தில் நிற்பவர்களோடு அவள் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குவது கேட்கும். துளி நடுக்கம் கிடையாது. பிறகு என் பக்கம் திரும்பி, “அம்மா சாப்பிட்டாவோ?” என்று கேட்பாள். அந்தத் தமிழில்தான் குரல் நடுங்கும்.