திருகாணியில் சந்தனம்

அந்த வெள்ளைத் தாளை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். கம்ப்யூட்டர் கேபினெட்டின் முதுகில், ஒரு திருகாணியின் மேல் பாதியும் தகரத்தின் மேல் பாதியுமாக ஒட்டியிருந்தது. கடையின் முத்திரை, அதன் குறுக்கே நீல மையில் ஒரு கையெழுத்து, கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்து: இது கிழிந்தால் வாரண்டி கிடையாது. வாரண்டி இருக்கிற ஒரு வருஷமும் எங்களைக் காப்பாற்றப்போவது இதுதானாம். காவலுக்கு நிற்கிறவன் இவ்வளவு நோஞ்சானாக இருந்தால், அவன் யாருக்குக் காவல் நிற்கிறான் என்று சந்தேகம் வரத்தானே செய்யும்?

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூரில், எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. தூசிக்குப் பயந்து பழைய சேலையில் தைத்த உறையைப் போட்டிருந்தோம். என் மனைவி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே டி.டி.பி. ஆரம்பித்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி. நான் பகலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருப்பேன். மாலையில் அவள் அடித்ததில் பிழை திருத்துவேன். அஞ்சலிக்கு நாலு வரி கேட்டால் எழுதிக் கொடுப்பேன். அவள் மில்லை விட்டு வரும்போது மேனேஜர், "நாற்காலி காலியாத்தான் கெடக்கும்மா, எப்ப வேணும்னாலும் வா" என்று சொல்லி அனுப்பினார். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அந்தக் காலி நாற்காலி அவளுக்கு முன்னாலேயே எங்கள் வீட்டுக்கு வந்து முன்னறை மூலையில் உட்கார்ந்துகொண்டது. மெஷின் ஹேங் ஆகி நிற்கும்போதெல்லாம் அவள் கண் அந்த மூலைக்குப் போகும்.

அடிக்கடி நின்றது. பத்திரிகையில் மாப்பிள்ளை பெண் போட்டோ போடுகிற மோகம் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. இரண்டு முகங்களை ஒரு தாமரைக்குள் வைப்பதற்குள் மணல் கடிகாரம் திரையில் நின்றுவிடும். அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். மின்விசிறி மட்டும் சுற்றும். ஹார்ட் டிஸ்கிலும் இடமில்லை. புதிய கல்யாணத்துக்கு இடம் வேண்டுமென்றால் பழைய கல்யாணம் ஒன்றை அழிக்க வேண்டும். சேத்தூரில் குழந்தை பெற்று நன்றாக இருக்கிற ஒரு தம்பதியை அவள் ஒரு பட்டனைத் தட்டி இல்லாமல் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு என்னவோ போலிருந்தது.

"மெஷினுக்கு ராம் மெமரி போதல. டிஸ்கும் போதல. கார்த்திகை முகூர்த்தத்துக்கு முந்தி ரெண்டையும் கூட்டிரணும். இல்லன்னா வாரவுகளத் திருப்பி அனுப்பணும்" என்றாள்.

மதுரையில் போட்டால் மலிவு என்றார்கள். ஆனால் மதுரைக்காரன் திறந்தால் தாள் கிழியும், தாள் கிழிந்தால் வாரண்டி போகும். பிறகு போர்டு போனால் அதோடு கடையை மூட வேண்டியதுதான். வாரண்டி கெடாமல் இரண்டையும் உள்ளே சேர்ப்பதற்கு இருந்தது ஒரே வழி. வாங்கிய ராஜபாளையம் கடைக்கே கொண்டுபோக வேண்டும். அவர்கள் ஆள் திறந்து, அவர்கள் சாமானையே போட்டு, புதுத் தாள் ஒட்டித் தருவார்.

அந்த ஒரே வழிதான் எனக்கு உறுத்தியது. தெருக்கோடியில் அச்சகம் வைத்திருந்த பாய் எங்களுக்கு நண்பர், அவளுக்குப் பாதி வேலை அவரிடமிருந்துதான் வரும். அவர் சொன்ன ஒரு வார்த்தை அந்த உறுத்தலைப் புண்ணாக்கியது.

"மாப்ள, மிளகா மில்லுக்குப் போனா என்ன செய்வீரு?"

"பக்கத்துல நிப்பேன்."

"ஏன் நிக்கீரு? நம்ம வத்தல எடுத்துக்கிட்டு அவன் மட்டமான பொடியத் தந்துரக் கூடாதுல்ல? செக்குக்குப் போனா நிக்கோம், மெத்தப் பஞ்சு அடிக்கப் போனா நிக்கோம். கம்ப்யூட்டர் கடையில உம்மள உள்ள விடமாட்டான். கண்ணாடி ரூமு, ஏசி. செருப்பக் கழத்திப் போட்டுட்டு வெளிய பெஞ்சில இருக்கணும். உள்ள கெடந்த நல்லதக் கழத்திட்டுப் பழசச் சொருகுனா உமக்குத் தெரியவா போகுது?"

தெரியாதுதான். எங்கள் ராம் எப்படி இருக்கும் என்றே நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்றால் திறக்க வேண்டும், திறந்தால் தாள் கிழியும். நம் பொருளுக்கு நாமே அடையாளம் வைக்க முடியாதபடி பூட்டிவிட்டு, சாவி தங்களிடம் இருப்பதற்கு வாரண்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் இதையே மென்றுகொண்டு திரிந்தேன்.

புறப்படுகிற காலையில் அவள் ஒயர்களைக் கழற்ற கேபினெட்டைத் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க, இங்க வாங்க."

தாள் கிழிந்திருந்தது.

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தையல் மிஷின், சைக்கிள், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். மானிட்டருக்கு நெற்றியில். கீபோர்டுக்கு ஓரத்தில். சைக்கிளுக்கு முன்னும் பின்னும் வைப்பது வழக்கம் இல்லையா, அதனால் கேபினெட்டின் பின்னாலும். கறுத்த தகரமும் ஓட்டைகளுமாக இருந்த அந்த முதுகில் நெற்றி மாதிரித் தெரிந்தது அந்த வெள்ளைத் தாள் ஒன்றுதான். அதன் நடுவிலேயே குழைத்து அப்பிவிட்டாள். சந்தனம் ஊறி, மெஷின் சூட்டில் காய்ந்து சுருங்கி, தாளையும் சேர்த்து இழுத்துப் பிளந்துவிட்டது. நீலக் கையெழுத்து இரண்டு துண்டாகிக் கிடந்தது.

பசைப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"ஒட்டாதீங்க" என்றாள். "கிழிஞ்சது கிழிஞ்ச மாதிரியே இருக்கட்டும். ஒட்டினாத்தான் களவாணித்தனம் மாதிரி இருக்கும்."

"அவன் நம்பணுமே."

"நம்பலன்னா மில்லுக்குப் போறேன்." சொல்லிவிட்டு மூலையைப் பார்த்தாள்.

கேபினெட்டைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்தோம். முன் சீட்டில் பருத்தி மூட்டையோடு இருந்த அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"என்னத்தா அது, டி.வி.யா?"

"கம்ப்யூட்டரு" என்றாள் இவள்.

"அதுக்கு என்னத்துக்குப் போர்வ? காய்ச்சலா?"

பஸ்ஸே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். நான் மட்டும் அந்த அம்மாள் ஏன் இவ்வளவு விசாரிக்கிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மேற்கே மலை எங்களோடு கூடவே வந்தது. அதன் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. இறங்குகிற மேகமா, சும்மா வேடிக்கை பார்க்கிற மேகமா என்று சொல்ல முடியாத மேகம்.

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். தெலுங்கு வீட்டுக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. போர்வையை விலக்கியதும் அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே முதுகைத் திருப்பினார்.

"தெறந்திருக்கீங்க."

"இல்ல அண்ணாச்சி" என்றாள் அவள். "பூச போட்டோம். சந்தனம் வச்சது இழுத்துருச்சு."

"சந்தனம்!" பக்கத்தில் நின்ற எஞ்சினியரைப் பார்த்துச் சிரித்தார். கழுத்தில் ஸ்குரு டிரைவர் தொங்கவிட்டிருந்த இளைஞர் அவர். "போன மாசம் ஒருத்தர் எலி கடிச்சதுன்னாரு. அதுக்கு முந்தி ஒருத்தர் பிள்ளைக கிழிச்சதுன்னாரு. நல்ல டிஸ்கக் கழத்திட்டு மதுரையில செத்த டிஸ்க வாங்கி மாட்டி, வாரண்டின்னு வந்து நின்னாரு. நான் யார நம்பட்டும்?"

எனக்குக் கோபம் வரவில்லை, திகைப்புதான் வந்தது. ராத்திரியெல்லாம் நான் இவரைப் பற்றி நினைத்ததை, அப்படியே, வார்த்தை மாறாமல், இவர் எங்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் விடவில்லை. விரலால் தொட்டுக் காட்டினாள். "ஸ்குருவப் பாருங்க. சந்தனம் தாளுக்கு அடியில எறங்கி அந்தப் பள்ளத்துல காஞ்சு கெடக்கு. ஸ்குருவுக்கும் தகரத்துக்கும் சேத்துப் பத்துப் போட்ட மாதிரி. திருகியிருந்தா உதுந்திருக்கும்ல?"

உண்மைதான். தாளைக் கிழித்த சந்தனமே அதற்குப் பதிலாக முத்திரையாகி உட்கார்ந்திருந்தது. விரிசல் ஒன்றுகூட இல்லை. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். அவர் மேசையில் இருந்த பில் மெஷினுக்கும் அதே மாதிரி ஒரு காய்ந்த பொட்டு இருந்தது.

"செரி. தெறந்து மூடிட்டு, பொறவு சந்தனத்தப் பூசியிருக்கலாம்ல?"

அந்த மனிதர்மேல் எனக்கு முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. சந்தேகப்பட்டால் இப்படிப் படவேண்டும்.

"அப்ப என் கண்ணு முன்னால தெறங்க" என்றாள் அவள். "ஒங்க சாமான் உள்ள இருக்கா இல்லையான்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். எல்லாத்துலயும் செவப்புப் பெயிண்டுல புள்ளி வச்சிருக்கேன். நீங்களும் நின்னு பாத்துக்கிடணும். பொறவு நான் வச்சேன், எடுத்தேன்னு பேச்சு வரப்புடாது."

கண்ணாடிக் கதவு திறந்தது. யாரையும் உள்ளே விடாத அந்த அறைக்குள், நாங்கள் அவரை நம்பாததாலும் அவர் எங்களை நம்பாததாலும், நாலு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனோம். மிளகாய் மில்லில் நிற்கிற மாதிரியே நின்றேன். எஞ்சினியர் ஸ்குரு டிரைவரை வைத்து அழுத்தினார். சந்தனம் உடைந்து பொடியாக உதிர்ந்தது. குளிர்ந்த அறையில் ஒரு நிமிஷம் கோயில் வாசம்.

உள்ளே எங்கள் வீட்டுத் தூசி. அதற்கடியில் பச்சைப் பலகை, சின்னஞ்சிறு ஊர் மாதிரி. போர்டில் சிவப்புப் புள்ளி. டிஸ்கில் சிவப்புப் புள்ளி. ராம் குச்சிகள் இரண்டு, ஜோடியாக. ஒன்றில் புள்ளி இருந்தது. இன்னொன்றில் இல்லை.

கடைக்காரர் எங்களைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஏசி மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கையை என் கை தேடியது. அந்த மூலை நாற்காலி இங்கேயும் வந்துவிட்டதென்று எனக்குத் தெரிந்தது.

எஞ்சினியர் தொண்டையைச் செருமிக்கொண்டு தெலுங்கில் முதலாளியிடம் ஏதோ சொன்னார். முதலாளி தெலுங்கில் திருப்பிக் கேட்டார். இவர் மறுபடி சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத மொழியில் தணிந்த குரல் கேட்டால் போதுமே, மனது தானே ஒரு முழுச் சதியையும் எழுதிவிடும்.

கடைக்காரர் தமிழுக்குத் திரும்பி வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "நாக்கு தெலுசு அண்ணாச்சி."

எனக்குத் தெரியும் என்று அர்த்தம். மில் ஆபீஸில் அத்தனை வருஷம் தெலுங்குக்காரர்களுக்கு நடுவில் இருந்தவள். பிறகு எனக்காகத் தமிழில், ஒவ்வொரு வார்த்தையாக வைத்தாள்: "மெஷின் குடுக்கிற அன்னைக்கு ஒரு ராம் ஓடல. அவசரத்துல வேற மெஷின்ல இருந்து ஒண்ணக் கழத்தி மாட்டிட்டாரு. புள்ளி வைக்க மறந்துட்டாரு. அதத்தான சொன்னாரு?"

எஞ்சினியரின் காது சிவந்துவிட்டது. கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் நினைத்திருந்தால் வேறு கதை சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பாரா? அவள் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு இன்றைக்கும் அது தெரியாமல் போனதுதான் குறை.

"ஏலே, புதுக் குச்சி எடு" என்றார் எஞ்சினியரிடம். அவளிடம் குரல் மாறியது. "தங்கச்சி, புள்ளியில்லாதத மாத்திருதோம். அதுக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம். நீங்க கேட்ட ராமு ரெண்டும், டிஸ்கும் தனி. வாரண்டி அப்படியே ஓடும்."

"எழுதிக் குடுங்க" என்றேன். அவள் என் காலை மிதித்தாள். ஆனாலும் அவர் எழுதிக் கொடுத்தார்.

புதிய குச்சிகளில் புள்ளி வைக்க எடுத்த பெயிண்டுப் புட்டி காய்ந்துபோயிருந்தது. பக்கத்து ஹார்டுவேர்ஸில் போய்ப் புதுசு வாங்கிவந்தார் எஞ்சினியர். எங்கள் கண் முன்னாலேயே புள்ளி வைத்தார். மூடித் திருகி, புதுத் தாளை ஒட்டி, கடைக்காரர் குறுக்கே கையெழுத்துப் போட்டார்.

"வார வருசம் சந்தனத்த முன்னாடி மட்டும் வைங்க தங்கச்சி. பின்னாடி சாமி பாக்காது."

"நீங்க பாப்பீங்கள்ல, அதுக்குத்தான் வச்சது" என்றாள். அவர் சத்தமாகச் சிரித்தார்.

அந்தக் கார்த்திகையில் தாமரைக்குள் முகங்கள் தயங்காமல் மலர்ந்தன. பழைய கல்யாணங்களை அழிக்காமலேயே புதுக் கல்யாணங்களுக்கு இடமிருந்தது. மூலை நாற்காலியில் அவள் காகிதக் கட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். நிஜமாகவே அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டாள் என்று சொல்ல வேண்டும்.

வாரண்டி முடிந்த மறுநாள் காலை, பல் தேய்த்த கையோடு, ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாளைச் சுரண்டி எறிந்தாள். மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளியெல்லாம் இருக்கு" என்று சொல்லிக் காபி போடப் போனாள்.

அவள் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன். பிறகு குனிந்தேன். ராம் குச்சிகள் நாலு. மூன்றில் புள்ளி பளிச்சென்ற சிவப்பு. ஒன்றில் மட்டும் மங்கிய சிவப்பு. அதுதான் முதலிலேயே இருந்த நல்லது, அது பழைய புட்டியின் பெயிண்ட். அப்படித்தான் இருக்க வேண்டும், கணக்கு சரி.

காபி ஆறும்வரை அந்த மங்கிய சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.