சலித்தெடுத்த முடி

காலை ஆறரை மணிக்கு மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறும்போது எனக்கு ஒரு கவலையும் இல்லை. அதுவே அபூர்வம். வீட்டைப் பூட்டிய பிறகும் பூட்டை நாலு முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். சின்னமனூரில் ஓர் அரிசி ஆலை. நெல் அவிக்கும் பாய்லரின் அடுப்புக்குள், எங்கள் கம்பெனி அனுப்பிய காஸ்டபிளை, அதாவது நெருப்பைத் தாங்கும் கான்கிரீட்டை, பூசியிருந்தார்கள். மதியம் முதல் தீ. கூட நின்று பார்ப்பதுதான் என் வேலை.

உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறும்போது, அதைப் பூசிய கொத்தனார் முருகேசனுக்குப் போன் போட்டேன். அவர் வேறு வேலையாக மயிலாடும்பாறையில் இருந்தார்.

“வேலை சுத்தமா முடிஞ்சிருச்சு மேடம். மூட்டைக்குள்ள பூராம் முடியும் ஊசியுமா கெடந்துச்சு. மணல் சல்லடையில நல்லாச் சலிச்சு எடுத்துட்டுத்தேன் கலந்தோம்.”

அது குப்பையில்லை, நாங்களே சேர்த்து அனுப்புவது. அவர் சொன்ன ஊசி, இரும்பு இழை. சூட்டில் பூச்சு விரிசல் விட்டாலும் பெயர்ந்து விழாமல் பிடித்துக்கொள்ளும். முடி, பிளாஸ்டிக் இழை. முதல் தீயில் அது உருகிப் போன இடமெல்லாம் சின்னச் சின்ன வழியாகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி அதன் வழியே வெளியேறும். வழி இல்லையென்றால், வெயிட் அடைத்துக்கொண்ட குக்கர் கதைதான். பூச்சு வெடித்துச் சிதறும். அடுப்பு வாய்க்கு நேரே உமி தள்ளுகிறவர் நின்றுகொண்டிருப்பார்.

“மதியம்தானே தீ?” என்றேன்.

“இல்ல மேடம். நெல்லு ஊறிக் கெடக்குன்னு முதலாளி காலையிலயே பத்த வெச்சுட்டாக. இப்பச் சின்னத் தீதேன். பத்து மணிக்குப் பெருசாக்கிருவாக.”

முதலாளிக்கு அடித்தேன். மணி போனது; எடுக்கவில்லை. ஆண்டிபட்டியில் பஸ் ஆற அமர நின்று பூக்கூடைகளை ஏற்றியது. கண்டக்டரைத் திட்ட வாய் வரை வந்தது, முழுங்கினேன்.

தேனியில் ஒன்பதுக்கு இறங்கியதும் எண்ணூறு ரூபாய்க்கு ஒரு கார் பிடித்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர்.

“என்னக்கா இம்புட்டு அவசரம்? ஆருக்கும் ஒடம்புக்கு முடியலையா?” என்றார் டிரைவர்.

“இன்னும் இல்ல” என்றேன். அவர் வண்டியை விரட்டினார்.

வீரபாண்டியைத் தாண்டினால் இருபுறமும் வயலும் வாழையும் தென்னையும், மேற்கே மலையும். வர்ணிக்க வேண்டிய இடம். எனக்கோ முன்னால் போன ஒவ்வொரு டிராக்டரும் எதிரியாகத் தெரிந்தது.

பத்து மணிக்குச் சற்று முன் ஆலைக்குள் நுழைந்தபோது, உமி தள்ளும் ராசு மண்வெட்டி நிறைய உமியோடு அடுப்பு வாயில் நின்றார். இயந்திர இரைச்சலில் என் குரல் எடுபடவில்லை. கூடவே ஓடி வந்த டிரைவர்தான் எனக்காகக் கத்தினார்: “ஏலே, நிப்பாட்டு! அங்கனேருந்து தள்ளி வா!”

ராசு விலகினார். உமி போடுவதை நிறுத்தி, தீயைத் தானாக அணையவிடச் சொன்னேன். முதலாளி ஓடி வந்தார்.

“ஊறுன நெல்லு பூராம் புளிச்சுப் போகும்மா! ஆரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேங்க” என்றேன்.

மூன்று மணி வரை யாரையும் கிட்டே விடவில்லை. பூச்சு வெடிக்கவில்லை, ஒரு கீறல்கூட விழவில்லை. முடியும் ஊசியும் உள்ள புது மூட்டைகள் வரும், இதை உடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும் என்றேன். தீயைப் பெரிதாக்கியிருந்தால் நிச்சயம் வெடித்திருக்குமா? சத்தியமாக எனக்கே தெரியாது.

மாலை ஐந்து மணிக்குத் தேனிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. முதலாளியிடமிருந்து போன்.

“ஒண்ணுமே ஆகலையேம்மா! நல்லா எரிஞ்ச அடுப்பை அணைச்சு, நெல்லைப் பாழாக்கிட்டீகளே! ஒண்ணாவது ஆச்சா, சொல்லுங்க!”

“ராசு அண்ணன் எங்கங்க?”

“அவனா? அவன் அப்பவே சோத்துவாளியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான்.”

அவர் மேலும் திட்டினார். நான் போனை வைக்காமல், வீரபாண்டி வரை ஆசையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன்.