பத்தாம் நாள் திரும்புகிறவர்கள்

சந்தேகப்படுவதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பயண அலுவலகத்தில் வேலை பார்த்தேன். நான் சேர்வதற்கு முன், சுற்றுலா என்று ஐரோப்பா போன ஒருவர் அங்கேயே மறைந்துவிட்டார். அதிலிருந்து ஒரு புது வழக்கம். விசா விண்ணப்பத்தைச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும்போது, இந்த ஆள் திரும்பி வருவாரா என்று மேசையில் இருப்பவர் கைப்பட ஒரு குறிப்பு எழுத வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். யாரைப் பார்த்தாலும் இவர் எங்கே ஓடப்போகிறார் என்றுதான் தோன்றும்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கம்பெனி வைத்திருந்த ஒரு அண்ணாச்சி காலை நேரத்தில் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையோரம் உளுந்து மாவு. மடித்துக் கொண்டுவந்த பழைய காலண்டர் தாளை மேசையில் விரித்தார். பனி மூடிய கறுத்த மலை, உச்சியில் நெருப்பு. கீழே ஐஸ்லாந்து என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

“இங்கன போகணும்மா. நானும் எங்க வீட்டுல உள்ளவளும்.”

குற்றாலத்துக்குப் போவதுபோல் சொன்னார். சென்னையிலிருந்து விவரப் புத்தகம் வரவழைத்தேன். பனிப்பாறை மேல் ஜீப், எரிமலை வாய்க்கு மேலே ஹெலிகாப்டர், பனிக்கு நடுவே வெந்நீர்க் குளம், ராஜபோகமான விடுதி. இருப்பதிலேயே உசத்தியானதைத் தொட்டுக் காட்டினார். அங்கேயே எனக்கு உறுத்தியது.

“எதுக்கு அண்ணாச்சி அவ்வளவு தூரம்?”

“அவளுக்குக் கண்ணு மங்கிட்டே வருதும்மா. ஆறு மாசந்தான் தாங்கும்னு டாக்டரு சொல்லுதாரு. இந்தப் படம் அடுக்களையில அஞ்சு வருசமா தொங்குது, கழட்ட விட மாட்டேங்கா, இன்னைக்கு அவளுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன். ஒரு தடவ நேர்ல காட்டிரணும்.”

நான் நம்பவில்லை. மறைந்துபோனவரும் ஒரு நோய்க் கதையோடுதான் வந்தாராம்.

அடுத்த வாரம் வந்தவரிடம் தேதிகளைச் சொன்னதும் விரல் மடக்கி எண்ணினார். “வீடு திரும்புததை ஒரு நாள் தள்ளிப் போடுங்க. இல்லன்னா ஒரு நாள் முன்னால.”

முன்னால் முடியாது, சுற்றுலாவே இடையில் அறுந்துபோகும் என்றேன். தள்ளினால் அந்த ஒரு நாள் எங்கே தங்குவீர்கள்?

“எங்கயாச்சும் இருந்துக்கிடுதோம்.”

ஏன் என்று கேட்டதற்கு, “அது இருக்கட்டும்மா,” என்று தலையைக் குனிந்துகொண்டார். இன்று நினைத்தால் அது வெறும் கூச்சம். அன்று எனக்குக் கள்ளத்தனமாகத் தெரிந்தது.

ஆள் அகப்பட்டார் என்று நினைத்தேன். ‘சுற்றுலா முடிந்தபின் ஒரு நாள் தங்குமிடம் சொல்ல மறுக்கிறார். திரும்புவது சந்தேகம்’ என்று எழுதினேன். தலைமை அலுவலகம் விண்ணப்பத்தைத் தூதரகத்துக்கு அனுப்பாமலே திருப்பிவிட்டது. அண்ணாச்சி பாஸ்போர்ட் இரண்டையும் வாங்கிக்கொண்டு, “வேற வழி இல்லையாம்மா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். இல்லை என்றேன்.

அவர் படியிறங்கிய பிறகுதான் எதிர்மேசைத் தோழி என் குறிப்பை எடுத்துப் படித்தாள்.

“ஏட்டி, வீட்ட விட்டுப் போன ஒம்பதாம் நாளு யாராச்சும் வீடு திரும்புவாகளா? ஆகாதுல்லா. அதான் தள்ளிக் கேட்டிருக்காக. திரும்பி வாரவுகளுக்குத்தானட்டி அந்தக் கவல.”

நான் கிறிஸ்தவ சபைக்குப் போகிற பாளையங்கோட்டைக் குடும்பம். எங்கள் வீட்டில் நாள் பார்க்கும் வழக்கம் கிடையாது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பதாம் நாள்தான்.

அன்றே வேறு குறிப்பு எழுதி, பாஸ்போர்ட்டுகளைத் திரும்ப வாங்கி அனுப்பி, சென்னையோடு மல்லுக்கட்டினேன். தில்லியிலிருந்து விசா வந்தபோது, அண்ணாச்சி முதலில் வந்ததிலிருந்து ஏழாவது மாதம். நானே எடுத்துக்கொண்டு கல்லிடைக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்த அந்த அம்மாள், எனக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரைப் பார்த்து, “யாரு வந்திருக்கா?” என்று கேட்டார். உள்ளே அடுக்களைச் சுவரில் காலண்டர் படம் அப்படியே தொங்கியது.

அண்ணாச்சியிடம் நான் எழுதியதைச் சொல்லி அழுதேன். அவர் பாஸ்போர்ட்டுகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

“டிக்கெட்டப் போடுங்க,” என்றார் கடைசியில். “நான் பாத்து அவளுக்குச் சொல்லிக்கிடுதேன்.”

என்றைக்குத் திரும்புகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. பத்தாம் நாள் என்று எழுதிக்கொண்டேன்.